உறுதிமொழியும் உடனிருப்பும்

குடியை விட்டுவிடுவதாக இறைவன் திருமுன் உறுதி கூறுவது நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். தவக்காலத் தியானத்தின் முடிவில் சிலுவையைத் தொட்டு வாக்களிப்போர் உண்டு. வேளாங்கண்ணித் தாய்க்கு நேர்ந்துகொண்டு, மாலை அணிந்து, வெயிலையும் பொருட்படுத்தாது நடந்து செல்வோரும் உண்டு. அந்த நாள்களில் அவர்கள் குடிப்பதில்லை. வீட்டில் அமைதி நிலவுகிறது. மனைவி மக்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். ஆனால் மாலையைக் கழற்றிய சில நாள்களிலேயே பலர் பழைய இடத்திற்குத் திரும்பிவிடுவதை நாம் காண்கிறோம். "சத்தியத்தை மீறியவன்" என்று ஊரார் பேசுகின்றனர். அவரும் கடவுளுக்கே துரோகம் செய்துவிட்டதாக எண்ணிக் கோவில் பக்கம் வருவதையே நிறுத்திக்கொள்கிறார். குடியிலிருந்து மீள்வதற்காகச் செய்த உறுதிமொழியே ஒருவரைக் கோவிலிலிருந்து பிரிக்கும் சுவராக மாறிவிடுவது எத்துணைக் கொடிய முரண்பாடு!

அவரது உறுதிமொழி பொய்யானதா? இல்லை. கூறிய வேளையில் அவர் உண்மையாகவே கூறினார். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இந்த வினா நமக்குமட்டும் உரியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவ உலகம் இதற்கு விடை தேடி வந்திருக்கிறது. அத்தேடலின் வரலாற்றில் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் அவ்வரலாற்றைச் சற்று விரித்துக் காண்போம்.

உறுதிமொழியின் பொற்காலம்

1838 ஏப்ரல் 10ஆம் நாள், அயர்லாந்தின் கார்க் நகரில், கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மேத்யூ மதுவை முற்றிலும் துறப்பதாக உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டார். இம்முயற்சிக்கு அவரைத் தூண்டியவர்களுள் ஒருவர் வில்லியம் மார்ட்டின் என்ற குவேக்கர் சபையினர் என்பது குறிப்பிடத்தக்கது. சமயப் பிரிவுகள் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய அக்காலத்தில், குடியின் கொடுமை ஒரு கத்தோலிக்கக் குருவையும் ஒரு குவேக்கரையும் ஒரே மேசையில் அமர வைத்தது.

அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. தந்தை மேத்யூ சென்ற ஊர்களிலெல்லாம் மக்கள் திரள்திரளாக வந்து முழந்தாளிட்டு உறுதிமொழி எடுத்தனர். சில ஆண்டுகளில் அவர்களின் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. 1849இல் அவர் அமெரிக்கா சென்றபோது அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. எனினும், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் அயர்லாந்தைச் சிதைத்தது. தந்தையின் உடல்நலமும் குன்றியது. 1856இல் அவர் இறந்தபோது அவ்வியக்கத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. பஞ்சம் ஒரு காரணம். அவ்வியக்கம் அவர் ஒருவரையே மையமாகக் கொண்டிருந்தது மற்றொரு காரணம். உறுதிமொழி கேட்கக் குரு ஊருக்கு வந்தார். மறுநாள் அடுத்த ஊருக்குச் சென்றுவிட்டார். உறுதி கூறியவரோ அதே தெருவில், அதே நண்பர்களிடையே, அதே மதுக்கடைக்கு எதிரில் தனியே விடப்பட்டார்.

தந்தை மேத்யூ இறந்த அதே 1856ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் மேட் டால்பட் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சென்ற அச்சிறுவன் அங்கேயே குடியைக் கற்றுக்கொண்டான். ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கூலிப் பணமெல்லாம் குடிக்கே போயிற்று. 1884இல் ஒருநாள், கையில் காசின்றி மதுக்கடையின் அருகே நின்றபோது, அதுவரை தம்மிடம் குடித்துக் களித்த தோழர்களுள் எவரும் தமக்கு ஒரு கோப்பை வாங்கித் தரவில்லை என்பது அவர் நெஞ்சைத் தைத்தது. வீடு திரும்பினார், பின் குரு ஒருவரிடம் சென்று உறுதிமொழி எடுத்தார். எத்தனை காலத்திற்கு? மூன்று மாதங்களுக்கு மட்டுமே! அது முடிந்ததும் நீட்டித்தார். பின்னர் வாழ்நாள் முழுமைக்கும் எடுத்தார். 1925 ஜூன் 7ஆம் நாள் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தார்.

மேட் டால்பட்டின் வெற்றியில் இரு செய்திகள் நம் கருத்திற்குரியன. முதலாவது, தம்மால் தாங்கக்கூடிய சிறிய காலத்திற்கே அவர் முதலில் வாக்களித்தார். இரண்டாவது, மதுக்கடைத் தோழமை இருந்த இடத்தை அவர் வெறுமையாக விடவில்லை. நாள்தோறும் அதிகாலைத் திருப்பலி, பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை, செபம், வாசிப்பு என அவ்விடத்தை நிரப்பினார். உறுதிமொழி அவருக்கு ஒருநாள் நிகழ்ச்சியாக நின்றுவிடாமல், நாள்தோறும் சென்று சேரும் இடமாக ஆனது.

மதுக்கடையில் பிறந்த கழகம்

இதற்கு முன்னரே, 1840 ஏப்ரலில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் ஒன்றுகூடித் தாங்களே உறுதிமொழி எடுத்துக்கொண்டு ஒரு கழகத்தைத் தோற்றுவித்தனர். 'வாஷிங்டனியர்' என்பது அவர்கள் பெயர். சொற்பொழிவாளர் எவரையும் அவர்கள் அழைக்கவில்லை. வாரந்தோறும் கூடி, தாம் எப்படிக் குடித்தோம், எப்படி விட்டோம் என்பதைத் தாமே ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தனர். குடிகாரனைக் குடிகாரனே மீட்க முடியும் என்ற உண்மை முதன்முறையாகப் பெரிய அளவில் வெளிப்பட்டது. கழகம் காட்டுத்தீபோல் பரவியது. 1842 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கழகத்தில் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றினார்.

ஆயினும் பத்தாண்டு நிறைவதற்குள் அக்கழகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மதுவிலக்குச் சட்டம், அரசியல், சமயப் பூசல் எனப் பல விவகாரங்களில் அது இழுக்கப்பட்டது. குடியால் துன்புறுபவருக்கு உதவுதல் என்ற ஒரே நோக்கம் கைநழுவியபோது கழகமும் கைநழுவிப் போயிற்று. இந்தப் பாடத்தைப் பின்வந்தோர் நன்கு கற்றுக்கொண்டனர்.

விடுதியின் கூடத்தில் ஒரு பெயர்ப் பட்டியல்

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்கு வணிகர் ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாக வந்திருந்தார். குடியால் வாழ்வைத் தொலைத்து, மருத்துவமனையில் கிடந்து, அங்கு ஆழ்ந்ததோர் இறையனுபவம் பெற்று, குடியை விட்டு ஏறத்தாழ ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அவரிடம் நற்செய்தியைக் கொண்டுவந்தவர் எபி தாச்சர் என்ற பழைய குடித்தோழர். 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' என்ற புரொட்டஸ்டன்ட் மறுமலர்ச்சி இயக்கத்தில் சேர்ந்து எபி அப்போது குடியை விட்டிருந்தார்.

அந்த ஐந்து மாதங்களில் பில் பல குடிகாரர்களைத் திருத்த முயன்றார். ஒருவரும் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் சில்க்வொர்த், போதனை செய்வதை நிறுத்திவிட்டு, நோயின் தன்மையை முதலில் எடுத்துச் சொல்லுமாறு அறிவுறுத்தினார். மறையுரை ஆற்றும் நாமும் நினைவிற்கொள்ள வேண்டிய அறிவுரை இது. ஒருவரும் திருந்தாவிட்டாலும் ஒன்று உண்மையாக இருந்தது: பிறரைத் தேடிச் சென்ற அந்த நாள்களில் பில் குடிக்கவில்லை.

ஆக்ரனில் வந்த காரியம் தோல்வியுற்றது. மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் விடுதியின் கூடத்தில் அவர் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி; மறுபுறம் தொலைபேசியும், நகரின் கோவில்களைக் குறிக்கும் பட்டியலும். தாம் வீழ்ந்துவிடாதிருக்க வேண்டுமானால் வேறொரு குடிகாரருடன் உடனே பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தமக்கு உதவுபவரை அவர் தேடவில்லை. தம் உதவி தேவைப்படுபவரைத் தேடினார். பட்டியலில் கண்ட வால்டர் டங்க்ஸ் என்ற எபிஸ்கோப்பல் சபைக் குருவை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். பல அழைப்புகளுக்குப் பின் ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. பல மாதங்களாக ஒரு மருத்துவருக்காக நண்பர்களுடன் செபித்து வந்த அப்பெண்மணி, இவ்வழைப்பை இறைவனின் பதிலாகவே ஏற்றுக்கொண்டார்.

அம்மருத்துவர்தாம் ராபர்ட் ஸ்மித். பின்னாளில் உலகம் 'டாக்டர் பாப்' என்று அறிந்தவர். மறுநாள், அன்னையர் நாளன்று மாலை, பதினைந்து நிமிடங்கள் மட்டுமே இருப்பதாகக் கூறிக்கொண்டு அவர் வந்தார். ஆறு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார். குடியைப் பற்றி அவருக்கு மருத்துவ நூல்கள் சொல்லியிருந்தன. மனைவி அழுது சொல்லியிருந்தார். சமய நண்பர்களும் சொல்லியிருந்தனர். ஆனால் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு, தம் மொழியிலேயே பேசிய முதல் மனிதரை அன்றுதான் சந்தித்தார். அதன்பின்னும் அவர் ஒருமுறை வீழ்ந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1935 ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படுகிறது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', அதாவது தம் பெயரை வெளியிடாத குடிநோயாளர் தோழமை, அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அவ்விருவரும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அங்குப் படுக்கையில் கிடந்த வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்தனர். அவர் மூன்றாமவர் ஆனார்.

கத்தோலிக்கரின் சங்கடமும் ஒரு பெயரின் பிறப்பும்

ஆக்ரன் கூட்டம் முதலில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் ஒரு பகுதியாகவே நடைபெற்றது. ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கிளீவ்லாந்து நகரிலிருந்து குடிநோயாளர் சிலர் வாரந்தோறும் காரில் வந்து கலந்துகொண்டனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. பிற சபையாரின் வழிபாட்டில் பங்கேற்பதைத் திருச்சபை தடுத்திருந்த காலம் அது. பலர் முன்னிலையில் குற்றங்களை அறிக்கையிடும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் முறையும் கத்தோலிக்கக் குருக்களுக்கு ஏற்புடையதாக இல்லை. போனால் திருச்சபையோடு பிணக்கு. போகாவிட்டால் மீண்டும் குடி. இரண்டிற்கும் இடையே அம்மக்கள் தவித்தனர்.

இந்தத் தவிப்பைக் கண்ட கிளாரென்ஸ் ஸ்னைடர் என்பவர் கிளீவ்லாந்திலேயே தனிக்கூட்டம் தொடங்கத் துணிந்தார். அதற்குச் சற்று முன்பு, 1939 ஏப்ரலில், அவர்களின் அனுபவங்களைத் தொகுத்த நூல் வெளியாகியிருந்தது. அந்நூலின் பெயரையே குழுவின் பெயராகச் சூட்டி, 1939 மே 11ஆம் நாள் கத்தோலிக்கர் ஒருவரின் இல்லத்தில் முதல் கூட்டத்தை நடத்தினர். எச்சமயத்தையும் சாராது, எவர் மனச்சான்றையும் உறுத்தாது, எவருக்கும் திறந்திருக்கும் கூட்டமாக அத்தோழமை அமைந்ததற்குக் கத்தோலிக்கக் குடிநோயாளரின் சங்கடமும் ஒரு காரணம் என்பதை நாம் நன்றியோடும் ஒருவகை நாணத்தோடும் நினைவுகூர வேண்டும்.

பூக்கள் வைக்கும் அறையில் ஒரு படுக்கை

அதே 1939இல் திருச்சபை வேறொரு வாயிலைத் திறந்தது. ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலில் இருந்தவர் அருட்சகோதரி இஞ்ஞாசியா. 1889இல் அயர்லாந்தில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்து, புனித அகுஸ்தீனாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்தவர். இசையாசிரியராகப் பணியாற்றி, உழைப்பின் மிகுதியால் உடலும் உள்ளமும் தளர்ந்து, இலகுவான பணி என்று கருதப்பட்ட இவ்வலுவலுக்கு அனுப்பப்பட்டார். தாமே ஒருமுறை நொறுங்கியவராதலால் நொறுங்கியவர்களை அவர் அறிந்திருந்தார்.

அந்நாள்களில் குடிகாரர்களை மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கூச்சல், குழப்பம், கட்டணமும் வராது என்பது எண்ணம். 1939 ஆகஸ்ட் 16ஆம் நாள் டாக்டர் பாப் கேட்டுக்கொண்டபடி, 'கடும் இரைப்பை அழற்சி' என்று பதிவேட்டில் எழுதி ஒரு குடிநோயாளரைச் சகோதரி சேர்த்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் பாப் மற்றொன்றும் கேட்டார். அந்நோயாளியைப் பார்க்க நண்பர்கள் சிலர் வருவர். அவர்கள் தனியே பேச இடம் வேண்டும். இடமில்லை. நோயாளிகளுக்கு வரும் மலர்களைச் சீர்செய்யும் சிறிய அறை ஒன்று இருந்தது. அதற்குள் படுக்கையைத் தள்ளிக்கொண்டுபோய் வைத்தார் சகோதரி. மீண்டவர்கள் வந்து, மீள வேண்டியவரின் அருகே அமர்ந்து பேசினர்.

அன்று தொடங்கிய பணி தனிப் பிரிவாக வளர்ந்தது. 1950இல் டாக்டர் பாப் இறக்கும்வரை அவ்விருவரும் இணைந்து ஆயிரக்கணக்கானோருக்குத் தொண்டு புரிந்தனர். மருத்துவமும் தோழமையும் அங்குக் கைகோத்தன. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரின் கண்காணிப்பு. அதன்பின் வாழ்நாள் முழுவதும் தோழமை. இந்த ஒழுங்கு இன்றும் பொருந்தும்.

பிரிவை விட்டு வெளியேறுவோருக்குச் சகோதரி இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், குடிக்குமுன் அதனைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. இதன் நுட்பத்தைச் சற்றுச் சிந்திப்போம். இதுவும் உறுதிமொழிதான். ஆயினும், 'இனி வாழ்நாளெல்லாம் குடிக்கமாட்டேன்' என்ற கனத்த வாக்கு இதில் இல்லை. 'விழப்போகிறேன் என்று தோன்றினால் முதலில் உங்களிடம் வருவேன்' என்பதே வாக்கு. பழைய உறுதிமொழி வீழ்ந்தவரைக் கோவிலிலிருந்து விலக்கியது. இந்த உறுதிமொழியோ வீழவிருப்பவரை ஒரு மனிதரிடம் திரும்பி வரச் செய்தது.

1952இல் சகோதரி கிளீவ்லாந்தின் புனித வின்சென்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே 'செபமாலை மண்டபம்' என்ற பிரிவைத் தொடங்கி, 1966இல் இறைவனடி சேரும் காலத்தையொட்டி வரை உழைத்தார்.

ஊன்றுகோலுடன் வந்த குரு

1940ஆம் ஆண்டின் இறுதியில், குளிரும் மழையுமான ஓர் இரவில், நியூயார்க்கில் அத்தோழமையின் மன்றத்திற்கு முடக்குவாதத்தால் வளைந்த உடலுடன் ஒருவர் ஊன்றுகோலின் துணையால் வந்தார். மாடியில் சோர்ந்து படுத்திருந்த பில், மற்றுமொரு குடிகாரர் என்றே எண்ணினார். வந்தவர் செயின்ட் லூயிஸ் நகரத்து இயேசு சபைக் குரு எட்வர்டு டௌலிங். அவர் குடிநோயாளர் அல்லர். அத்தோழமையின் பன்னிரண்டு படிகளைப் படித்துவிட்டு, புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளோடு அவற்றிற்குள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்து, எழுதியவரைக் காண வந்திருந்தார். பில்லோ அப்பயிற்சிகளைப் பற்றி ஏதும் அறியாதவர்!

ஒற்றுமை வியப்பளிப்பதுதான். தன் ஆற்றலின்மையை ஏற்றல், இறைவனிடம் தன்னைக் கையளித்தல், வாழ்வை அஞ்சாமல் ஆய்ந்து பார்த்தல், குற்றங்களை இறைவனிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளல், தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்தல், நாள்தோறும் ஆன்மசோதனை, செபம், தியானம், இறுதியாகப் பிறருக்குத் தொண்டு. இவை நம் இல்லத்துப் பொருள்கள் அல்லவா? அன்றிரவு பில் தம் வாழ்வின் சுமைகளையெல்லாம் அக்குருவிடம் இறக்கி வைத்தார். 1960இல் தந்தை டௌலிங் இறக்கும்வரை, இருபது ஆண்டுகள் அந்நட்பு நீடித்தது. பில் கத்தோலிக்க மறையைப் பற்றி ஆயர் ஃபுல்டன் ஷீனிடம் சில காலம் கற்றார். ஆனால் இறுதிவரை கத்தோலிக்கராகவில்லை. அதற்காகத் தந்தை டௌலிங்கின் நட்பு குறையவுமில்லை. அவர் அத்தோழமையைத் தம் சபைக்கு உரியதாக்க முயலவில்லை. கூட இருந்தார், கேட்டார், தம் ஊரில் குழு தோன்ற உதவினார்.

குருக்களும் இந்நோய்க்கு விலக்கல்லர். இண்டியானாபொலிஸ் மறைமாவட்டத்தின் ரால்ஃப் ஃபாவ் 1943இல் இத்தோழமையின் வழியாகக் குடியை விட்டார். பின்னர் புனைபெயரில் நூல்கள் எழுதியும் தியானங்கள் நடத்தியும் பலரை மீட்டார்.

கூட்டத்தில் நடப்பது என்ன?

வாஷிங்டனியரின் வீழ்ச்சியை நினைவிற்கொண்டு, 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் அத்தோழமை பன்னிரண்டு மரபுகளை ஏற்றுக்கொண்டது. சேர்வதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை. அரசியலிலோ சமய விவாதங்களிலோ தலையிடுவதில்லை. உறுப்பினர் பெயரை வெளியே சொல்வதில்லை.

ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் கூடுகின்றனர். ஒருவர் நடத்துவார், சிலர் தம் கதையைச் சொல்வர், மற்றவர் கேட்பர். யாரும் குறுக்கிட்டு அறிவுரை கூறுவதில்லை. புதியவர் பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தேநீர் அருந்திப் போகலாம். அவர் விரும்பினால், நெடுநாள் குடிக்காதிருக்கும் ஒருவர் அவருக்கு வழித்துணையாவார். இன்று ஒருநாள் குடிக்காமலிருப்போம் என்பதே அவர்களின் அளவுகோல். மேட் டால்பட்டின் மூன்று மாதங்கள் இங்கு ஒருநாளாகச் சுருங்கியுள்ளன. பிறர்க்கும் திறந்த கூட்டங்கள் உண்டு. நோயாளர் மட்டும் கூடும் மூடிய கூட்டங்களும் உண்டு. முன்னதற்குக் குடும்பத்தாரும் குருக்களும் செல்லலாம். குடும்பத்தாருக்கென்றே பில்லின் மனைவி லோயிஸ் முதலானோர் 1951இல் 'அல்-அனான்' என்ற தோழமையைத் தோற்றுவித்தனர். கணவர் கூட்டத்திற்கு வர மறுத்தாலும் மனைவி தமக்காகச் செல்லலாம்.

இதனால் பயன் உண்டா என்று கேட்போர் உளர். 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. குடியை முற்றிலும் விட்டிருப்பதில், இக்கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை முறைகள் மற்ற முறைகளைவிடக் குறையவில்லை; பலவற்றில் மேம்பட்டே நின்றன. இது எல்லார்க்கும் பலிக்கும் மந்திரம் என்று நாம் கூறவில்லை. வேறு வழிகளில் மீண்டோரும் உண்டு. ஆனால் எளியவர்க்கும் எட்டும் வழி இது.

நம் பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

1957இல் இத்தோழமை இந்தியாவில் வேரூன்றியது. 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், 1981இல் மும்பை உயர்மறைமாவட்டக் குரு ஜோ பெரேரா தோற்றுவித்த கிருபா நிறுவனமும் இந்நோய்க்கான சிகிச்சையில் முன்னோடிகளாக விளங்குகின்றன. இன்று தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. இருந்தும் நம் பங்குகளில் பலர் அவற்றைத் தேடிச் செல்வதில்லை. 'ஊரார் பார்த்துவிடுவார்களே' என்ற வெட்கம் ஒன்று. மதுக்கடையின் முன் பட்டப்பகலில் நிற்கையில் வராத வெட்கம், மீள்வதற்கான வாயிலில் மட்டும் வந்துவிடுகிறது! 'இது பாவந்தானே, பாவசங்கீர்த்தனம் செய்தால் போதாதா?' என்ற எண்ணம் மற்றொன்று.

இவ்வெண்ணத்திற்கு விடை கூற வேண்டும். ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. அதன் இடத்தை எக்கூட்டமும் பெற முடியாது. ஆனால் மன்னிப்புப் பெற்றவர் மறுநாள் மாலை ஆறு மணிக்கு எங்கே போவார்? 1956இல் அமெரிக்க மருத்துவக் கழகம் குடிநோயை நோயென ஏற்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், பழக்கமும் கட்டற்ற பற்றுகளும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கற்பிக்கிறது. நோயாளிக்கு மருந்து கொடுப்பது அவர் பாவத்தை மறுப்பதாகாது. அருட்சாதனமும் கூட்டமும் ஒன்றோடொன்று போட்டியிடுவன அல்ல. ஒப்புரவு பெற்று எழுந்தவர் நடந்து செல்வதற்கான தெரு இக்கூட்டம் எனலாம்.

முடக்குவாதமுற்றவனை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டே ஆண்டவர் அவனிடம் பேசினார் என்கிறார் மாற்கு. நடக்க இயலாதவனை 'நடந்து வருவதாகச் சத்தியம் செய்' என்று எவரும் கேட்கவில்லை. நாமோ குடிநோயாளரிடம் பெரும்பாலும் அதையே கேட்டு வருகிறோம்.

உறுதிமொழியைக் கைவிட வேண்டியதில்லை. அதனைத் தனியே விட்டுவிடாதிருந்தால் போதும். தியானத்தின் முடிவில் ஒருவர் சிலுவையைத் தொடும்போது, அருகிலுள்ள கூட்டத்தின் நாளும் நேரமும் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். அன்பியங்களில் எவரேனும் முதல்முறை அவரோடு வாசல்வரை செல்லட்டும். ஒருமுறை போய் மனம் ஒட்டாவிடில் மறுமுறையும், அங்கில்லையெனில் வேறு குழுவிற்கும் அழைத்துச் செல்லட்டும். வீழ்ந்துவிட்டால், "ஏன் மீறினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் கூட்டம் என்றைக்கு?" என்று கேட்போம்.

பங்கின் பங்கு இன்னும் ஒன்று உண்டு. மறைக்கல்வி வகுப்புகள் நடைபெறும் அறைகள் வார நாள்களின் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை இத்தோழமைக்குத் திறந்துவிடலாம். தம் மரபின்படி அவர்கள் சிறியதொரு வாடகை கொடுப்பர். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் எவர் தயவிலும் நில்லாதிருப்பது அவர்களின் நலத்திற்கு உதவுகிறது. வருவோர் எச்சமயத்தார் என்று நாம் கேட்க வேண்டாம். அழைத்தாலன்றிப் பங்குத்தந்தை உள்ளே செல்லவும் வேண்டாம். விளக்கு எரிகிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.